எருக்கத்தம்புலியூர்ப் பெண்ணும் சுவீடன் பாடகியரும்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இராசேந்திரப்பட்டினம் என்றொரு ஊர் வருகிறது. தேவாரக் காலத்தில் அதற்குத் திருஎருக்கத்தம்புலியூர் என்று பெயர். வெள்ளெருக்கு தலமரம். திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழில் இட்டு வாசித்தபடி அவரோடு ஊர் ஊராகப் போன திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்தது இங்கேதான். அவர் தனியாகப் போகவில்லை. மனைவி மதங்கசூளாமணியாரும் கூடவே போனார், கூடவே பாடினார் என்கிறது பெரியபுராணம். கடலூர் மாவட்டத்தின் இசை வரலாற்றை எழுத வருபவர் முதலில் கால் வைக்க வேண்டிய ஊர் இது. இங்கிருந்து இன்னொரு பெண்ணும் சிதம்பரத்துக்குப் போனாள். அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

கதை பலரும் அறிந்ததுதான். சிதம்பரத்தை ஒட்டிய கொற்றவன்குடியில் வாழ்ந்த உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் அதைச் சொல்கிறது. தேவார ஏடுகளைத் தேடிச் சோழ மன்னரும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்கு வருகிறார்கள். மூவர் கை அடையாளமிட்டுப் பூட்டிய அறை திறக்கப்படுகிறது. உள்ளே புற்று. கறையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகளை எண்ணெய் ஊற்றி எடுத்துத் தொகுக்கிறார் நம்பி. இந்த இடம் வரை எல்லாரும் சொல்வார்கள், மேடையில் பேசுவார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்பவர் குறைவு.

ஏடு கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. எழுத்து கையில் இருக்கிறது, அதை எப்படிப் பாடுவது என்று சொல்ல ஆளில்லை. அப்போதுதான் எருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் வழியில் வந்த ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிகிறது. அவளைத் தில்லைக்கு அழைத்து வருகிறார்கள். பதிகங்களுக்குப் பண் முறை அவள் வழியாக அமைகிறது. இன்று நாம் நட்டபாடை என்றும் காந்தாரம் என்றும் புறநீர்மை என்றும் தேவாரப் புத்தகத்தின் தலைப்பில் பார்க்கிறோமே, அந்த வகுப்புக்கு மரபு காட்டும் மூலம் அந்தப் பெண்.

இது புராணம், கல்வெட்டு அல்ல. அற்புதங்கள் கலந்த நூலை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் சைவத்தின் மிகப் பெரிய இசைச் செல்வத்தை மீட்ட கதையைக் கட்டியவர்கள், பண்ணின் ஊற்றை ஒரு பாணர் குலப் பெண்ணிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே கற்பனை செய்பவர்கள் இப்படி ஓர் இடத்தைத் தேர்ந்திருக்க மாட்டார்கள் என்பது என் கருத்து. ஏதோ ஓர் உண்மை அந்தக் கதையின் அடியில் கிடக்கிறது. அரசனுக்குப் பட்டப்பெயர் உண்டு, நம்பிக்குப் பெயர் உண்டு, கறையானுக்குக்கூடக் கதையில் ஒரு வேலை உண்டு. பண் தந்தவள் மட்டும் ‘ஒரு பெண்’.

நான் இந்தப் பெண்ணை நினைக்கத் தொடங்கியது சுவீடன் நாட்டு ஓபரா பாடகியரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது. எங்கோ வடக்கே பனி நாட்டில் நடந்த கதைக்கும் கொள்ளிடக் கரைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். நேரான தொடர்பே உண்டு, ஆனால் அது பாட்டின் வழியாக வந்தது அல்ல. 1731-இல் தொடங்கிய சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் ஒன்று 1733-இல் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. கப்பலுக்கு அந்நாட்டு அரசி உல்ரிகா எலியோனோராவின் பெயர். கரையில் அவர்கள் போட்ட பண்டசாலையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒன்றுசேர்ந்து தாக்கிப் பறித்துக்கொண்டார்கள். அதற்குப் பின் 1740-இல் கியர்நாண்டர் என்ற சுவீடன் பாதிரியார் கடலூருக்கு வந்து, 1758-இல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடிக்கும்வரை இருந்தார். பிறகு கல்கத்தா போய்விட்டார். நம் கரையில் சுவீடன் பதித்த சுவடு இது. பரங்கிப்பேட்டைச் சண்டை நடந்து நாற்பது ஆண்டு கழித்து அந்த நாட்டில் நடந்த ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது.

1773 ஜனவரியில் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் ஸ்டாக்ஹோமில் அரசு ஓபராவைத் தொடங்கினார். ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். நம் ஊரில் ராம நாடகக் கீர்த்தனை என்றும் நந்தனார் சரித்திரம் என்றும் சொன்னால் எது மனத்தில் எழுமோ அதற்குப் பக்கத்து உறவு. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் பாடியது போதும், சொந்த மொழியில் பாட வேண்டும் என்பது குஸ்தாவின் பிடிவாதம். முதல் நாள் நாயகி வேடத்தில் பாடியவர் எலிசபெத் ஊலின். 1782-இல் அரசு இசைக் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர். பாடகியின் பெயர் முதல் நாளிலிருந்தே ஏட்டில் ஏறிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தவர் ஜென்னி லிண்ட். 1820-இல் ஸ்டாக்ஹோமில் பிறந்தவர். பெற்றோர் அப்போது மணம் செய்துகொண்டிருக்கவில்லை, வீட்டில் வறுமை. ஒன்பது வயதுச் சிறுமி சன்னலோரம் உட்கார்ந்து தன் பூனைக்குப் பாடிக்கொண்டிருந்தாள். தெருவில் போன பணிப்பெண் ஒருத்தி அதைக் கேட்டாள். அவள் அரசு ஓபராவின் நடனக்காரி வீட்டில் வேலை பார்ப்பவள். எஜமானியிடம் போய்ச் சொன்னாள். எஜமானி நாடகசாலையில் சொன்னார். சிறுமி அரசாங்கச் செலவில் நாடகசாலைப் பள்ளியில் சேர்க்கப்பட்டாள். 1838-இல், பதினெட்டு வயதுகூட நிறையாதபோது, நாயகியாக மேடையேறினாள்.

இன்னொரு சுவீடன்காரி கிறிஸ்டினா நீல்சன். 1843-இல் குடியானவர் வீட்டில் பிறந்தவர். சந்தைக்குச் சந்தை போய் வயலின் வாசித்துப் பாடிக் காசு சேர்த்த பெண். 1857-இல் ல்யுங்பி என்ற ஊர்ச் சந்தையில் அவர் பாடியதைக் கேட்ட நீதிபதி ஒருவர் படிப்புக்கு ஏற்பாடு செய்தார். 1883 அக்டோபரில் நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம் திறக்கப்பட்ட இரவில் நாயகியாகப் பாடியவர் அதே சந்தைப் பெண்தான்.

இதைப் படித்தபோது என் நினைவு கொடுமுடிக்குப் போனது. கே. பி. சுந்தராம்பாள் 1908-இல் அங்கே பிறந்தவர். குடும்பத்தில் கஷ்டம். சிறுமியாக ரயில் பெட்டிகளில் பாடிக் காசு வாங்கினார். அந்தக் குரலைக் கேட்டு நாடகத்துக்கு வழிகாட்டியவர் திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த, தாமும் நாடகக்காரரான நடேசய்யர் என்பது வழக்கில் உள்ள வரலாறு. ஒருத்திக்குச் சந்தை, ஒருத்திக்கு ரயில் பெட்டி. கேட்டவர் இங்கே ரயில்வே அதிகாரி, அங்கே நீதிபதி. இதுவரை இரண்டு கதையும் ஒன்று. இதற்கு மேல்தான் பிரிகிறது. நீல்சனைப் பாரிசுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார்கள். லிண்டுக்கு அரசாங்கப் பள்ளி இருந்தது. சுந்தராம்பாளுக்குப் பள்ளி மேடையே. முதலில் சிறுவர் வேடம், பிறகு ஸ்திரீபார்ட், அதற்குப் பிறகு ராஜபார்ட். தவறினாலும் மேடையில்தான், திருந்தினாலும் மேடையில்தான்.

நம்மிடம் நாடகப் பள்ளியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சங்கரதாஸ் சுவாமிகள் நடத்திய பாய்ஸ் கம்பெனிகள் ஒருவகைக் குருகுலங்கள். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் சேர்ந்தார்கள். சாப்பாடு, உறைவிடம், பாட்டு, பாடம், ஒழுங்கு எல்லாம் உண்டு. பெயரே சொல்கிறது, பையன்களுக்கு மட்டும். வள்ளியையும் பவளக்கொடியையும் அல்லியையும் எழுதிய கை, அவற்றைப் பாடப் பையன்களைத்தான் பழக்கியது. 1922-இல் சுவாமிகள் காலமானது கடலூருக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி இருக்கிறது.

கடலூர் மாவட்டக் கிராமங்களின் சொந்த ஓபரா என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அது தெருக்கூத்துதான். திரௌபதியம்மன் கோயில் திருவிழாவில் இரவு முழுக்கப் பாட்டாலும் அடவாலும் நடக்கும் பாரதம். முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் துணை. திரௌபதிக்காக நடக்கும் திருவிழா, துகிலுரிதலைப் பார்த்து அழும் கூட்டத்தில் பாதி பெண்கள். மேடையில் திரௌபதியாக நின்று அழுபவர் மட்டும் ஆண். மரபு அப்படி. இதை நம் நாட்டுக் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போப்பாண்டவர் ஆட்சியில் இருந்த ரோமில் பெண்கள் மேடையில் பாடத் தடை இருந்தது. நாயகி வேடத்துக்கு, குரல் உடையாமலிருக்கச் சிறு வயதிலேயே விதை நீக்கப்பட்ட ஆண்கள் பாடினார்கள். பெண்ணின் கதை வேண்டும், பெண்ணின் குரல் வேண்டும், பெண் மட்டும் வேண்டாம் என்ற மனம் பல நாடுகளில் இருந்திருக்கிறது.

அந்த மனத்தைத் தமிழ் மேடையில் உடைத்தவர்கள் பாலாமணி அம்மாள் போன்றவர்கள். கும்பகோணத்தில் பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தியவர் அவர். அவருடைய நாடகம் பார்க்கவே ரயில் விட்டார்கள், அதற்குப் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்று பெயர் என்பார்கள். கடலூரும் சிதம்பரமும் அந்த இருப்புப்பாதையில்தான் இருக்கின்றன. விழுப்புரத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று போகும் பழைய மெயின் லைன் அது.

சிதம்பரத்துக்கு வருவோம். தமிழில் பாட்டாலான நாடகங்களில் இந்த ஊரோடு பிரிக்க முடியாதது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம். பெரியபுராணத்தில் சேக்கிழார் சில பாடல்களில் முடித்த கதையை அவர் பெரிதாக விரித்தார். நாற்பது வேலி நிலமும் அதிகாரமும் கொண்ட வேதியர் சேக்கிழாரிடம் இல்லை, பாரதியின் படைப்பு அவர். பண்ணையாள் ஒருவன் தில்லைக்குப் போக விடுப்புக் கேட்கிறான், எஜமான் மறுக்கிறான். இந்த ஒரு முடிச்சில்தான் மொத்த நாடகமும் நிற்கிறது. ‘நாளைப் போவேன்’ என்பது பக்தனின் ஏக்கமாகவும் கூலியாளின் விண்ணப்பமாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. ஊர் எல்லை வரை வந்து, உள்ளே வரலாமா என்று கேட்டு நிற்கும் இடத்தில் மாஞ்சி ராகத்தில் ஒரு பாட்டு வரும். அதைக் கேட்டுக் கண் கலங்காத சபை இல்லை. இலக்கணப் பிழைகளைக் காரணம் காட்டிச் சாற்றுக்கவி தரத் தயங்கிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடியதைக் காதால் கேட்டபிறகு மனம் இளகிக் கவி கொடுத்தார் என்று உ. வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். எழுத்தில் தெரியாதது குரலில் தெரிந்தது. எருக்கத்தம்புலியூர்க் கதையும் அதைத்தானே சொன்னது.

இந்த நந்தனாராக 1935-இல் திரையில் தோன்றியவர் ஒரு பெண். ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனார் கே. பி. சுந்தராம்பாள், வேதியர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். சங்கீத உலகின் பெரிய வித்துவானும் நாடக மேடையிலிருந்து வந்த பெண்ணும் எதிரெதிரே நின்று பாடினார்கள். பெண் ஏன் நந்தனாராக வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. அவர் கணவராக ஏற்றுக்கொண்டிருந்த நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில் இறந்துபோனார். அன்று முதல் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைதான் உடுத்தினார். ஆண் நடிகர் யாருடனும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். இருபத்தைந்து வயதில் எடுத்த முடிவு அது. பட முதலாளி அசன்தாஸ் வந்து வற்புறுத்தியபோது, இதைக் கேட்டால் போய்விடுவார் என்று நினைத்து ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்பார்கள். முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரு லட்சம் வாங்கிய முதல் இந்திய நடிப்புக் கலைஞர் அவர் என்று திரை வரலாற்றாளர்கள் குறிக்கிறார்கள்.

இங்கே மறுபடியும் ஜென்னி லிண்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1850-இல் அமெரிக்காவின் பெரிய வேடிக்கை வியாபாரி பார்னம் அவரை அழைத்தார். ஒரு கச்சேரிக்கு 1,000 டாலர், 150 கச்சேரி வரை, செலவு தனி. லிண்ட் இன்னும் ஒன்று கேட்டார். கப்பல் ஏறுமுன் முழுப் பணமும் லண்டன் வங்கியில் கட்டப்பட வேண்டும். பார்னம் வீட்டை அடகு வைத்தும் கடன் வாங்கியும் கட்டினார். வந்த வருமானத்தில் பெரும்பங்கைச் சுவீடனில் இலவசப் பள்ளிகள் அமைக்கவும் பிற அறங்களுக்கும் லிண்ட் கொடுத்தார். நடுவில் பார்னமின் ஆரவாரம் பிடிக்காமல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு தாமே மிச்சக் கச்சேரிகளை நடத்தினார்.

இரண்டு பெண்களும் தங்கள் குரலுக்குத் தாங்களே விலை சொன்னார்கள். கலைஞருக்கு, அதுவும் பெண் கலைஞருக்கு, இது சின்ன விஷயம் அல்ல. இன்னோர் ஒற்றுமையும் உண்டு. 1849-இல் புகழின் உச்சியில் இருந்தபோதே லிண்ட் ஓபரா மேடையை விட்டுவிட்டார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. அதன் பிறகு பாடியதெல்லாம் கச்சேரிதான், வேடம் கட்டவில்லை. நாடக மேடை ஒழுக்கத்துக்கு உகந்த இடமல்ல என்ற சமயப் பற்று அதற்கு ஒரு காரணம். அங்கே வெள்ளை உடையில் எளிமையாக வந்து நிற்கும் ‘தூய பாடகி’யைக் கூட்டம் கொண்டாடியது. இங்கே வெள்ளைப் புடவையும் திருநீறுமாக நின்ற சுந்தராம்பாளைக் கூட்டம் வணங்கியது. மேடைப் பெண்ணைப் பற்றிய சந்தேகத்தை இரண்டு சமூகமும் ஒரே நிபந்தனையின்பேரில் கைவிட்டன, அவள் துறவிபோல வாழ வேண்டும். இந்த நிபந்தனை ஆண் பாடகர் எவருக்கும் விதிக்கப்படவில்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத நாளில் கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட்டுக்காரருக்கும் எழுத்து விளங்கப் பாட வேண்டும். ஒரே ஆர்மோனியம், ஒரே சுருதி. ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் தர்க்கப் பாட்டில் மோதும்போது ஆளுக்கொரு கட்டை வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் கிட்டப்பா போன்ற ஆண்களும் அவ்வளவு மேல் சுருதியில் நின்றார்கள். இப்படிப் பாடினால் தொண்டை என்ன ஆகும்? லிண்டுக்கே அது நேர்ந்தது. மூன்று ஆண்டு ஓய்வில்லாமல் பாடியதில் குரல் தேய்ந்து, 1841-இல் பாரிசில் கார்சியா என்ற ஆசிரியரிடம் போனார். வாயைத் திறக்காமல் சில வாரம் இரு, பிறகு பார்க்கலாம் என்றார் அவர். பின் அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுத்தார். குரல் திரும்பி வந்தது. தொண்டை தேய்ந்தால் போய் நிற்க ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதுதான் இதில் முக்கியம். நம் மேடைப் பெண்களுக்குக் கிடைத்த வைத்தியம் பனங்கற்கண்டும் மிளகும் வெந்நீரும். அப்படி இருந்தும் 1965-இல், ஐம்பத்தாறு வயதில், ‘திருவிளையாடல்’ படத்தில் ஔவையாராக வந்து சுந்தராம்பாள் பாடிய பாட்டின் உச்சத்தைக் கேளுங்கள். பிசிறு இருக்காது, சொல் தேயாது.

பாட்டுக்குப் பள்ளி நம் பக்கத்திலும் வந்தது. 1929-இல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். அதே ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் பிறந்தது. 1941-இல் தமிழிசை மாநாடு அண்ணாமலை நகரில் கூடியது. சபேசய்யர், டைகர் வரதாச்சாரியார், பொன்னையா பிள்ளை என்று பெரியவர்கள் இசைக் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்தார்கள். தமிழில் பாட வேண்டும் என்ற இயக்கத்துக்குச் சிதம்பரம் கோட்டையானது. குஸ்தாவின் பிடிவாதம் இங்கே செட்டியாரின் பிடிவாதமாக வந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கல்லூரிக்குத் தமிழ் இசை பட்டிருக்கும் கடன் பெரியது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1942-இல் ஜெமினி நிறுவனம் மறுபடியும் ‘நந்தனார்’ எடுத்தது. இம்முறை நந்தனார் எம். எம். தண்டபாணி தேசிகர். அருமையான பாடகர், அந்தப் படம் நன்றாகவும் ஓடியது. பிற்காலத்தில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். முற்றிலும் தகுதியான நியமனம். ஆனாலும், நந்தன் வந்து நின்ற ஊரில், நந்தனாராகப் பாடிய ஆணுக்குப் பேராசிரியர் நாற்காலி கிடைத்தது. அவருக்கு ஏழு ஆண்டு முன்னால் அதே வேடத்தில் பாடிய பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை. சுந்தராம்பாள் சட்ட மேலவை உறுப்பினரானார். ‘துணைவன்’ படப் பாட்டுக்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகி தேசிய விருது வந்தது. 1970-இல் பத்மஸ்ரீ. சிறப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்ததை இன்னொரு தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அறை, ஒரு தம்பூரா, பத்து மாணவிகள் என்று எந்த நிறுவனமும் தரவில்லை. ஜென்னி லிண்ட் அறுபது வயதைக் கடந்தபின் லண்டன் அரசு இசைக் கல்லூரியில் குரலிசைப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார்.

சுவீடனின் பிர்கிட் நீல்சனும் குடியானவர் வீட்டுப் பெண். 1918-இல் பிறந்து, ஐரோப்பாவின் மிகக் கனமான ஓபரா வேடங்களைப் பாடி, 2005-இல் மறைந்தார். அவர் முகம் அந்நாட்டு 500 குரோனா நோட்டில் இருக்கிறது. ஜென்னி லிண்டின் முகம் முன்பு 50 குரோனா நோட்டில் இருந்தது. பாடகியின் பெயரைக் கையாலேயே புழங்கும் நாடு அது. ஊலின், லிண்ட், இரண்டு நீல்சன்கள் என்று இருநூற்றைம்பது ஆண்டு வரிசையை அங்கே பள்ளிப் பிள்ளைகூடச் சொல்ல முடிகிறதென்றால், அவர்கள் குரல் நம் பெண்கள் குரலைவிட உயர்ந்தது என்பதால் அல்ல. அவர்களுக்குப் பின்னால் ஒரு பதிவேடு இருந்தது.

நமக்குப் பதிவேடு தெரியாதா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1014-ஐ ஒட்டி இராசராசன் வெட்டுவித்த கல்வெட்டில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்ற விவரம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். தேவாரம் கண்ட அரசன் என்று மரபு சொல்வதும் இந்த இராசராசனையே. நானூறு ஆடற்பெண்களுக்குக் கல்லில் இடம் தந்த காலம், பண் தந்த ஒருத்தியைப் புராணத்தின் ஓரத்தில் விட்டுவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் பார்த்தேன். ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது. நாரதர் ஓர் ஊர், வேலன் ஓர் ஊர், வள்ளி ஓர் ஊர், அன்று மாலைதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். வள்ளியாக வந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொட்டகைக்குப் பின்னால் தகரப் பெட்டியைத் திறந்து, கண்ணாடியை மூடியில் சாய்த்து, தாமே அரிதாரம் பூசிக்கொண்டார். பிளாஸ்க்கில் வெந்நீர். ஆர்மோனியக்காரரைப் பார்த்து விரலால் கட்டையைக் காட்டினார், அவ்வளவுதான் முன்னேற்பாடு. நள்ளிரவு தாண்டி நாரதரோடு தர்க்கம் தொடங்கியது. திருப்புகழிலிருந்து ஒன்று அவர் எடுத்துவிட்டால் இவர் குறளிலிருந்து ஒன்று, அவர் சந்தம் மாற்றினால் இவர் அதே சந்தத்தில் பதில். எழுதி வைத்த பேச்சல்ல, அங்கேயே பிறந்தது. இரண்டு மணி நேரம் கூட்டம் அசையவில்லை. விடிந்ததும் அதே அம்மா முகம் கழுவி, சாதாரணப் புடவையில், பெட்டியோடு பேருந்துக்கு நின்றார். பக்கத்தில் நின்றவர் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

அன்று ஊர்ச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸில் அவர் பெயர், ஊர், படம், கைபேசி எண் எல்லாம் இருந்தன. மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களோடு பழகிய சூசன் சைசர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்த நாடக நோட்டீஸ்களுக்கென்றே ஓர் இயல் ஒதுக்கினார். யார் படம் எங்கே, எந்த அளவில் அச்சாகிறது என்பதை வைத்தே அந்த உலகின் மதிப்பு முறையைப் படித்துக்காட்டினார். நம் மேடைப் பெண்களுக்குக் கல்வெட்டு இந்த நோட்டீஸ்தான். மழை வந்தால் கரைந்துபோகும் கல்வெட்டு.

2021-இல் தமிழ்நாடு அரசு சென்னையை அடுத்த மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஒரு பெண்ணை ஓதுவாராக அமர்த்தியது. செய்தித்தாள்கள் புதுமை என்று எழுதின. எருக்கத்தம்புலியூர்க் கதையை அறிந்தவர்களுக்கு அது புதுமையாகத் தோன்றியிருக்காது. கொடுக்க வேண்டியது கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே. அந்த நியமனம் இராசேந்திரப்பட்டினத்திலும் நடக்க வேண்டும். யாழ்ப்பாணர் பிறந்த ஊரின் கோயிலில், பண் தந்த பெண்ணின் நினைவாக, ஒரு பெண் தேவாரம் ஓதட்டும். வாசலில் ஒரு கல் நட்டு, பெயர் தெரியாவிட்டாலும், அவள் செய்த வேலையை எழுதட்டும்.

வாசகர்களிடம் கேட்க எனக்கு ஒன்று உண்டு. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் நாடக நோட்டீஸ்களும் நாடகப் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இன்னும் இருக்கின்றன. பழைய பேப்பர்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இத்தகைய காகிதங்களைப் பாதுகாத்து வருகிறது. அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். முடியாவிட்டால், அதில் அச்சாகியிருக்கும் பெண்களின் பெயர், ஊர், நாடகம், தேதி இந்த நான்கையாவது ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் பாட்டி யாரோ ஒரு நாடகக்காரியின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தால், அவள் யார் என்று பாட்டி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.